பாட்டை நிறுத்துவது யார்?

பிரான்சிஸின் சி.டி. பிளேயர் போய்ச் சேர்ந்து ஒரு வாரமாகிறது. ரிப்பேர் கடைக்காரர் அதைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஸ்பேர் இனி மேலோகத்துலதானுங்க கெடைக்கும்" என்று கையை விரித்துவிட்டார். மகன் ரவிக்குமார் அன்று சாயங்காலமே உருண்டையாக ஒரு ஸ்பீக்கரையும் தன்னுடைய பழைய போனையும் கொண்டுவந்து ஹாலில் வைத்தான். போனில் பாட்டு ஆப்பைப் போட்டு, மாதச் சந்தாவும் கட்டினான்.

"இனி சி.டி.யே வேண்டியதில்லீங்கப்பா. நெனச்ச பாட்டு நெனச்ச நேரத்துக்கு வரும்" என்றான்.

நினைத்த நேரத்துக்கு வந்தது வாஸ்தவம்தான். நினைக்காத நேரத்தில் நின்றும் போனது. வீட்டில் வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

பிரான்சிஸ் காந்திபுரத்துக்கும் காரமடைக்கும் நடுவில் காலமெல்லாம் தனியார் பஸ் ஓட்டியவர். அவர் வண்டியில் பாட்டு நன்றாக இருக்கும் என்பதற்காகவே, முன்னால் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு நின்ற ஜனம் உண்டு. முதல் டிரிப்புக்கு ஒரு சி.டி., மில் ஷிப்ட் விடும் நேரத்துக்கு ஒன்று, கூட்டமில்லாத மத்தியானத்துக்கு ஒன்று என்று மார்க்கர் பேனாவில் எழுதி வைத்திருந்தார். சர்க்கரை கண்ணைத் தொட்டு, ஸ்டியரிங்கை விட்ட பிறகும் சி.டி.களை விடவில்லை. இப்போது அதுவும் போயிற்று. தக்காளிக் காட்டில் மயில் தொல்லை தாங்கவில்லை, கட்டித் தொங்கவிட்டால் மினுமினுப்புக்குப் பயந்து ஓடும் என்று சொல்லி, மச்சினன் மாசாணம் மொத்தத்தையும் காரமடைக்கு அள்ளிக்கொண்டு போய்விட்டான்.

"மயிலாச்சும் கேக்கட்டும்" என்று பிரான்சிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து துடியலூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அவர் மனைவி பொற்கொடிக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன. ராத்திரி முழுக்கக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. விடிந்ததும் அங்கிருந்தே நேராகக் கோயிலுக்கு. வீட்டுக்கு வந்தால் கறிக்கு மிளகாய் வறுக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது யாராவது ஒரு டம்ளர் காபியைப் போட்டுக் கையில் கொடுத்தால் தேவலாம் என்று இருந்தது. கொடுக்கக்கூடியவள் உடுமலைப்பேட்டையில் இருந்தாள்.

அன்புச்செல்வி. இந்த வீட்டில் ஒன்றரை வருஷமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர்.

கூட வேலை பார்த்த யஷ்வந்தை அவள் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையன் வீட்டில் வேறு சாமி, பேச்சு தெலுங்கு. அதையெல்லாம்கூட பிரான்சிஸ் எப்படியாவது விழுங்கியிருப்பார். அவரால் விழுங்க முடியாதது ஒன்றுதான். விஷயம் அவருக்கு பஸ்ஸில் தெரிந்தது. பெரியநாயக்கன்பாளையம் தாண்டி வண்டி போய்க்கொண்டிருந்தபோது, முன் சீட்டில் இருந்த யாரோ ஒரு பெண், "ஏனுங் டிரைவரண்ணா, பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு வார்த்த சொல்லலீங்களே" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அன்றைக்குப் பாட்டை அணைத்துவிட்டு காரமடை வரை ஓட்டினார். மறுநாள் மகளும் மருமகனும் வாசலில் வந்து நின்றபோது கதவைச் சாத்தினார். அவருக்குப் பின்னால் நின்ற பொற்கொடி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் அன்பு அம்மாவின் போனையும் எடுப்பதில்லை, அண்ணன் போனையும் எடுப்பதில்லை.

பொற்கொடி மிளகாயை வறுத்துக்கொண்டிருந்தாள். ஹாலில் பாட்டின் டோலக் உருண்டுகொண்டிருந்தது. சட்டென்று நின்றது.

"ஏ பொற்கொடி! மறுக்கா நின்னுபோச்சு பாரு! நல்லாப் பாடிட்டிருந்தது, சரியா சரணத்துல வந்து நிக்குது!"

"டவர் இருக்காதுங்க. சித்த நேரம் கழிச்சு வெய்யுங்க."

"டவரக் கழட்டிக் கழட்டி மாட்றாங்களா? தெனமும் இதே கூத்து. நேத்து என்ன பண்ணுச்சு தெரியுமா? என்ற பாட்டு முடிஞ்சதீம் அதும்பாட்டுக்கு ஒரு தாலாட்டு வெச்சுது. அறுவது தாண்டுனவனுக்கு எதுக்கு இந்தக் கழுத தாலாட்டுப் பாடுது? தொட்டில்ல போடப் பாக்குதா?"

பொற்கொடி வாணலியைக் கிளறினாள். காரணம் அவளுக்குத் தெரியும்.

ஸ்பீக்கர் வந்த இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. மத்தியானம் பாட்டு நின்றபோது, பிரான்சிஸ் குளித்துக்கொண்டிருந்தார். போனை எடுத்துப் பார்த்தாள். திரையின் அடியில், வேறொரு போனில் பாடுகிறது என்று சொல்லி, இங்கிலீஷில் ஒரு பெயர் இருந்தது. அன்பு. ஆஸ்பத்திரியில் கட்டில் சீட்டுப் பார்த்துப் பார்த்து அவ்வளவு இங்கிலீஷ் அவளுக்கு வரும்.

பிறகு, இதற்கு முன் கேட்டவை என்று வரிசையாக வருமே, அதையும் தள்ளிப் பார்த்தாள். பிரான்சிஸின் பஸ் பாட்டுகளுக்கு நடுவில் தாலாட்டு, மழைச் சத்தம், மறுபடி தாலாட்டு, மறுபடி மழைச் சத்தம். வேறு யாராவது பார்த்திருந்தால் ஒன்றும் புரிந்திருக்காது. பொற்கொடி வேலை பார்க்கும் வார்டில், பிள்ளை பெற்ற பெண்கள் எல்லோரும் இப்போது இதைத்தான் செய்கிறார்கள். போனில் மழைச் சத்தத்தை வைத்துக் குழந்தையின் தலைமாட்டில் போட்டுவிட்டால், அது அம்மா வயிற்றுக்குள் கேட்ட இரைச்சல் என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிடும்.

ஆக, அன்புக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பொற்கொடிக்குப் பேரக்குழந்தை. பெண்ணா, ஆணா, எத்தனை நாளாகிறது, பால் குடிக்கிறதா, யார் குளிப்பாட்டுகிறார்கள், ஒன்றும் தெரியாது. ஊரார் பிள்ளைகளை ராத்திரியெல்லாம் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தவளுக்கு, தன் வீட்டுப் பிள்ளையின் செய்தி ஒரு பாட்டு ஆப் சொல்லித் தெரிய வேண்டியிருந்தது. அன்று ஷிப்டில் அவள் டாய்லெட்டுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள்.

பிரான்சிஸிடம் சொல்லவில்லை. சொன்னால் எப்படித் தெரிந்தது என்று கேட்பார். பாட்டை நிறுத்துவது யார் என்று தெரிந்தால், முதல் வேலையாக அதைத் துண்டிக்கச் சொல்லுவார். அந்தப் பயத்தில் வாரம் முழுக்க டவர் மேல் பழியைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ரவி கறிப் பையோடு உள்ளே நுழைந்தான். பம்ப் கம்பெனியில் சர்வீஸ் வேலை. ஞாயிறு ஒரு நாள்தான் பகலில் வீட்டில் தங்குவான். செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா பிடித்துக்கொண்டார்.

"டேய், இத என்னன்னு பாருடா. காசு கட்டுனியா இல்லியா?"

"கட்டிப்போட்டனுங்கப்பா. குடுங்க, பாக்கறேன்."

பொற்கொடி வறுப்பதை விட்டுவிட்டு ஹாலை எட்டிப் பார்த்தாள். இத்தனை நாள் இந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துத்தான் அவளுக்குப் பயம்.

"ரவி, தேங்கா இல்லை. கடைக்குப் போய் ஒண்ணு வாங்கிட்டு வா கண்ணு" என்று குரல் கொடுத்தாள்.

தேங்காய் வாங்கப் போக வேண்டிய பையன், போனோடு சமையல்கட்டுக்கு வந்து நின்றான். முகம் மாறியிருந்தது.

"அம்மா. இது அன்பு."

"தெரியும். மெதுவாப் பேசு."

"தெரியுமா? எப்பத்துல இருந்து?"

"அத விடு. அவ பேரு எப்படி இதுக்குள்ள வந்துது?"

ரவி தலையைச் சொறிந்தான். அன்பு வீட்டில் இருந்த காலத்தில், தன்னுடைய கணக்கை அவள் போனிலும் போட்டுக் கொடுத்தது அவன்தான். அதை அவனே மறந்துவிட்டான். சந்தா ஒரு ஆளுக்குத்தான். அவள் வைத்தால் இங்கே நிற்கும், அப்பா வைத்தால் அங்கே நிற்கும்.

"இதொரு பெரிய வேலையில்லம்மா. அவ போன இதுல இருந்து வெளிய எடுத்துவுட்டாப் போச்சு. இல்லீன்னா அப்பாவுக்குத் தனியா ஒரு கணக்கு ஆரம்பிச்சுக் குடுத்தர்றேன். அவங்கவங்க பாட்ட அவங்கவங்க கேக்கட்டும்."

"ரெண்டும் வேண்டாம்."

"அப்பறம் அப்பாவுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?"

"டவர் இல்லீன்னு சொல்லு."

"அம்மா..."

"ரவி, அவ எந்திரிச்சாளா, சாப்பிட்டாளா, மேலுக்குச் சொகமா, ஒண்ணும் எனக்குத் தெரியாது. இதுல அவ பேரு வர்றப்பத்தான் சரி, இருக்கறான்னு மூச்சு வருது. தனித்தனியாப் போட்டீன்னா அதுவும் போயிரும். அப்பறம் நான் எங்கீன்னு போய்த் தேடுவேன்?"

"யாரு பேரு வருது?"

சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு பிரான்சிஸ் நின்றிருந்தார். ரவி போனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் அவனுக்குக் கிடையாது. அப்பா கையை நீட்டினார். கொடுத்துவிட்டான்.

அவர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடி பக்கத்தில் கொண்டுவந்தார். உதடு ஒவ்வொரு எழுத்தாக அசைந்தது. எதிரே வரும் வண்டியின் போர்டைப் படிப்பதும் அப்படித்தான்.

"இவளா?" என்றார்.

போனை ரவி பக்கம் திருப்பிக் காட்டினார்.

"என்ற பாட்ட நிறுத்தறது இவளா?"

"வேணும்னு பண்லீங்கப்பா. அவ ஒண்ணு வெச்சா, இங்க தானா நின்னுக்கும்" என்றான் ரவி.

"எடுத்து விடுடா அக்கட்டால."

ரவி அம்மாவைப் பார்த்தான். பொற்கொடி அடுப்பைச் சிறிதாக்கினாள். கத்த வேண்டும் போல் இருந்தது. அதற்கு உடம்பில் தெம்பு வேண்டுமே. ராத்திரி கண் விழித்த அசதியும், ஒன்றரை வருஷம் இரண்டு பக்கமும் பேச முடியாமல் நின்ற அசதியும் சேர்ந்துகொண்டு, குரல் தணிந்தே வந்தது.

"எடுத்து விடு கண்ணு. உங்கப்பா சொன்னா எடுத்துத்தான ஆகோணும்" என்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "அன்னிக்குக் கதவச் சாத்துனப்ப நான் ஒண்ணுமே பேசலீங்க. பேசியிருக்கோணும். இந்த ஊட்டுக்குள்ள இப்ப எம்பொண்ணு வந்து போறது இது ஒண்ணுதான். உங்க பாட்டு நின்னப்பெல்லாம், சரி, வந்துட்டான்னு நெனச்சுக்குவேன். இனி அதுவும் வேண்டாம்னா எடுத்துருங்க."

சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். கண் எரிந்தது. மிளகாய் நெடி என்று யாராவது நினைத்துக்கொள்ளட்டும்.

பிரான்சிஸ் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். போனை மறுபடி கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இப்பவும் கேட்டுட்டிருக்கறாளா?"

"ஆமாங்கப்பா."

"என்ன பாட்டு?"

"பாட்டில்லீங்க. மழைச் சத்தம்."

"மழையா? உடுமலைல மழை பெய்யாமப் போச்சா? அத யாராச்சும் காசு குடுத்துக் கேப்பாங்களா?"

பொற்கொடிக்குச் சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மென்று விழுங்கினாள். முதல் பிள்ளையைப் பற்றிய செய்தியைப் பெற்றவள் வாயால் கேட்பதுதான் முறை. அதைத் தட்டிப் பறிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"ஏன்டா, அவ கேக்கறது இங்க தெரியுதே. இங்க இருந்து வெச்சா அங்க பாடுமா?"

"அவ பேரத் தொட்டுட்டு வெச்சா, அவ போன்லயே பாடுமுங்க. ஆனா..."

பிரான்சிஸ் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பெயரைத் தொட்டார். பிறகு பட்டியலில் தேடி, தன் முதல் டிரிப்புப் பாட்டை எடுத்தார். நாதஸ்வரமும் உருமியும் அடித்துக் கிளப்பும் பாட்டு அது. தூங்கி வழிகிற மில் ஆட்களை எழுப்பி உட்கார வைப்பதற்காகவே அதை முதல் டிரிப்புக்கு வைத்திருந்தார். பள்ளிக்கூடம் போன காலத்தில் அன்பு தினமும் இன்ஜினுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டபடிதான் போவாள்.

அப்போதுதான் பொற்கொடிக்கு உறைத்தது. மத்தியான வேளை. மழைச் சத்தத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் பச்சைக் குழந்தை. அதன் தலைமாட்டில் உருமி!

"ஏனுங்க, வேண்டாமுங்க..."

அவர் விரல் பட்டுவிட்டது.

வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஹாலில் ஸ்பீக்கர் சும்மா இருந்தது. திரையில் பாட்டு ஓடுகிற கோடு மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. எழுபது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் பாடுகிற பாட்டை மூன்று பேரும் குனிந்து கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோடு கால்வாசி தாண்டவில்லை. நின்றுவிட்டது.

"நிறுத்திப்போட்டா" என்றார் பிரான்சிஸ்.

முகம் தொங்கிப்போயிற்று. பஸ்ஸில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டு கேட்ட அன்றைக்கு இருந்த அதே முகம். பொற்கொடிக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷம் எங்கோ போய்விட்டது. பாவம், என்னவோ ஆசையில் வைத்துவிட்டார்.

"எடுத்து விட்ரு ரவி. நாம வேண்டாம்னு இருக்கறவள எதுக்குத் தொந்தரவு பண்ணிட்டு."

"அப்பா, ஒரு நிமிஷம் இருங்களேன்..."

"எடுன்னா எடு."

ரவி போனை வாங்கினான். எங்கெங்கோ தொட்டு உள்ளே போனான். எல்லாப் போனிலிருந்தும் வெளியேறு என்ற இடம் வந்தது. கட்டைவிரலை வைக்காமல் அம்மாவை ஒரு தரம் பார்த்தான். பொற்கொடி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஃபிரிட்ஜ் மேலே இருந்த அவளுடைய போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தாள். அன்பு. எத்தனை ராத்திரி இந்தப் பெயர் இந்தத் திரையில் வராதா என்று வார்டு வராந்தாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்! எடுத்துக் காதில் வைத்து, கண்ணு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் அதைச் செய்யவில்லை. போனைப் புருஷன் முன்னால் நீட்டினாள்.

"உன்ற போன்தான? நீ பேசு" என்றார் அவர்.

"நான் நடுவுல நின்னு நின்னு சலிச்சுபோட்டனுங்க. பாட்டு வெச்சது நீங்க. நீங்களே பேசுங்க."

அவர் இன்னும் தயங்கினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் வாங்கி, கண் தெரியாமல் எதையோ அழுத்த, ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது. சமையல்கட்டு முழுக்க ஒரு பச்சைக் குழந்தையின் வீறிட்ட அழுகை. நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு, நிறுத்தி, மறுபடி வீறிட்டது.

பிரான்சிஸ் போனைத் தூக்கி எறியாத குறைதான்.

"அம்மணி..." என்றார். மகளை அவர் கூப்பிடுகிற அந்தச் சொல் ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு வந்தது. "அம்மணி, அது என்ன சத்தம்?"

அந்தப் பக்கம் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"உங்க பேரனுங்கப்பா" என்றாள் அன்பு. குரலில் கோபமா, அழுகையா, சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. "காலைல இருந்து போராடி இப்பத்தான் தூங்க வெச்சனுங்க. உங்க முதல் டிரிப்புப் பாட்டு வந்து எழுப்பிப்போட்டுது. இப்ப நீங்களே வந்து தூங்க வெய்யுங்க."

ரவி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பிரான்சிஸ் உதவிக்கு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

அவருக்குக் கண் மங்கல்தான். ஆனால் கல்யாணமான நாள் முதலாகப் பார்த்த முகம். அதில் கண்ணீர் இருந்தது, சிரிப்பு இருந்தது. திகைப்பு மட்டும் இல்லை.

"உனக்கு முன்னாலயே தெரியுமா?" என்று கேட்டார்.

"அப்பா? லைன்ல இருக்கறீங்களா?" என்றாள் அன்பு. குழந்தை அழுதுகொண்டே இருந்தது.

தெரியாது என்று சொல்லிவிடலாம். ஒரு வாரமாகச் சொன்ன பொய்களோடு இன்னொன்று. பொற்கொடிக்கு அதற்குத் தெம்பில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தெரியுமுங்க" என்றாள். "பையன்னு மட்டுந்தான் தெரியாது."